மகன் பெயரில் உள்ள நிலத்தை விற்று வெளிநாட்டு சிகிச்சைக்குப் போகலாமா?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருக்காலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 18,000 ரூபாய். என் மகனுக்கு 8 வயது. அவனுக்கு டி.எம்.டி. என்கிற தசைச்சிதைவு நோய் இருப்பதாக ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுகிறான். பள்ளிக்கூடப் படியில் நான்தான் தூக்கிவிடுகிறேன். தாய்லாந்தில் ஜீன் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொத்தம் 38 லட்சம், முன்பணம் 6 லட்சம். எங்களிடம் இருப்பது என் அம்மா மூன்று வருஷம் முன்பு பேரன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவைத்த 9 சென்ட் மனை மட்டும்தான். ஜி.என்.டி. ரோட்டை ஒட்டிய இடம். மைனர் சொத்தாக இருந்தாலும் தகப்பன் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் புரோக்கர். விற்கலாமா? அரசாங்கம் வெளிநாட்டு சிகிச்சைக்கு உதவுமா? வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதம் அங்கே தங்க வேண்டும் என்கிறார்கள். வழி சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: தம்பி, முதலில் நிலத்தைப் பேசிவிடுவோம். புரோக்கர் சொன்னது தவறு. உங்கள் கையெழுத்து போதாது. அட்வான்ஸ் என்று யார் எதைக் கொடுத்தாலும் இப்போது வாங்காதீர்கள். பவர் எழுதிக் கொடுக்கச் சொன்னால் அதையும் செய்யாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பத்திர நகலில் சொத்தைப் பெறுபவர் என்ற இடத்தில் உங்கள் மகனின் பெயர் இருக்கிறது. அதன் கீழே, ‘மைனருக்காக அவரது தகப்பனாரும் கார்டியனுமான’ என்று போட்டு உங்கள் பெயர் வருகிறது. அந்த மனைக்கு அவன்தான் சொந்தக்காரன், நீங்கள் காப்பாளர். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-ன் 8-வது பிரிவு, இயற்கைக் காப்பாளரான தந்தையோ தாயோ மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ தானமாகக் கொடுக்கவோ கூடாது என்கிறது. (வேறு மதத்தவர் இதைப் படித்தால், உங்களுக்கு 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டம் பொருந்தும். அதில் வழி கொஞ்சம் வேறு.) பாட்டன் வழி வந்த கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு என்றால் கதை வேறு. உங்கள் மகனுடையது தனிச் சொத்து. அனுமதி இல்லாமல் முடியாது.

மீறி விற்றால் என்ன ஆகும்? மகன் 18 வயது தாண்டியதும் மூன்று ஆண்டுக்குள் அந்த விற்பனையை அவன் ரத்து செய்யலாம். இதற்கு வழக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை, அதே சொத்தை அவனே வேறொருவருக்கு விற்பது போன்ற செயலாலேயே பழைய விற்பனையை மறுத்துவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விவரம் தெரிந்தவர் எவரும் இப்படிப்பட்ட இடத்துக்கு முழு விலை தரமாட்டார். பாதி விலைக்குக் கேட்பார்கள். உங்கள் அவசரம் அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். டி.எம்.டி. உடலின் தசையைத் தின்கிற நோய். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும். 18 வயதில் உங்கள் மகன் சக்கர நாற்காலியில் இருக்கலாம், ஆனால் பத்திரத்தைப் படித்து, கேள்வி கேட்டு, தானே கையெழுத்துப் போடுகிற ஆளாக இருப்பான். சொத்து வைத்துக்கொள்ளவும் நிர்வகிக்கவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை அவனுக்கு உண்டு என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 13-வது பிரிவு சொல்கிறது. அவனுக்குக் கணக்குச் சொல்லவேண்டிய நாள் ஒன்று வரும் என்று வைத்துக்கொண்டே இன்றைய முடிவை எடுங்கள்.

சரி, அனுமதி கிடைக்குமா? திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அவசியம் இருந்தாலோ மைனருக்கு வெளிப்படையான நன்மை இருந்தாலோ மட்டுமே நீதிமன்றம் அனுமதி தரும். பிள்ளையின் சிகிச்சை என்பது அவசியம்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் நீதிபதி கேட்கப்போகும் கேள்விகள் உங்களையே காப்பாற்றக்கூடியவை. என்ன சிகிச்சை, எந்த மருந்து, எந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, இங்கே அரசு மருத்துவர் அதைப் பரிந்துரைக்கிறாரா, பணம் போன பிறகு பையனுக்கு என்ன மிஞ்சும்? ஏஜென்டிடம் இதையெல்லாம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு தொகை என்னை உறுத்துகிறது. டி.எம்.டி.க்கு ஒப்புதல் பெற்ற ஜீன் சிகிச்சை என்று இன்று உலகத்தில் பேசப்படுவது எலிவிடிஸ். அமெரிக்காவில் 2023 ஜூனில் 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் அனுமதித்தார்கள், 2024 ஜூனில் வயது வரம்பை விரித்தார்கள். ஒரு முறை ஏற்றுவதற்கு அங்கே விலை 32 லட்சம் டாலர், நம் பணத்தில் 25 கோடி ரூபாய்க்கு மேல். நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தபின், 2025-ல் அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது, கடுமையான எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய மருந்து அமைப்பின் நிபுணர் குழு அதே ஆண்டு ஒப்புதல் தர மறுத்தது. நடக்கிற பிள்ளைக்கும் முதலில் ஒரு எதிர்ப்பொருள் பரிசோதனை செய்யவேண்டும். மரபணுவின் சில பகுதிகள் விடுபட்டிருந்தால் கொடுக்கவே கூடாது. 25 கோடி ரூபாய் மருந்தை 38 லட்சத்துக்குத் தருகிறேன் என்பவர் எதைத் தரப்போகிறார்? இதுபோன்ற இடங்களில் பெரும்பாலும் விற்கப்படுவது ஸ்டெம் செல் ஊசி. நம் நாட்டில் 2017-ம் ஆண்டின் ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல்படி ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. இங்கே விற்கக் கூடாததை வாங்க வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். மகனின் மரபணு அறிக்கையையும் ஏஜென்ட் கொடுத்த தாளையும் எடுத்துக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போய், இது என்ன மருந்து என்று கேளுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு பேசவேண்டிய விஷயம்.

எழும்பூர் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. அதன் பட்டியலில் டி.எம்.டி. இருக்கிறது. பட்டியலில் உள்ள நோயாளிக்கு, அரசு அறிவித்த சிறப்பு மையத்தில் சிகிச்சை பெற 50 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு உதவுகிறது. எழும்பூர் மருத்துவமனை அப்படிப்பட்ட மையங்களில் ஒன்று. உங்கள் மகனின் பெயர் அங்கே பதிவாகவேண்டும். ஆனால் இந்த உதவி இங்கே பெறும் சிகிச்சைக்குத்தான், விமான டிக்கெட்டுக்கோ வெளிநாட்டு மருத்துவமனைக்கோ அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இங்குள்ள பட்டியல் மருத்துவமனைகளுக்குத்தான்.

ஆளை அனுப்புவதற்குப் பதில் மருந்தை வரவழைக்கச் சட்டத்தில் நல்ல வழி இருக்கிறது. 2021-ல் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் முதுகுத்தண்டு தசைச்சிதைவு கண்ட ஒரு பெண் குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்பட்டது. ஊர் உலகமெல்லாம் கொடுத்த பணத்தில் மருந்து இந்தியாவுக்கு வந்தது. சுமார் 6 கோடி ரூபாய் இறக்குமதி வரியை மத்திய அரசு விலக்கியது. அன்று ஒரு குடும்பம் தனியாகப் போராடி வாங்கிய விலக்கு, 2023 ஏப்ரல் 1 முதல் கொள்கைப் பட்டியலில் உள்ள எல்லா அரிய நோய்களுக்கும் சுங்க வரி விலக்காகவே வந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கு மருந்து வரவழைப்பவர் சுகாதாரத் துறை அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து இறக்குமதி அனுமதியும் பெறவேண்டும். நாளை உங்கள் மகனுக்கு ஏற்ற மருந்து வெளியே வந்தால், மருத்துவர் எழுதிக் கொடுத்தால், இந்த வழிதான் உங்களுக்கு.

அரசிடம் விண்ணப்பித்தும் கையை விரித்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். 2014 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், கோஷே என்ற அரிய நோய் கண்ட ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியின் மகனுக்கு இலவசமாக மருந்து கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. காசு இல்லை என்பதற்காக ஏழைப் பிள்ளையைச் சாகவிடக் கூடாது என்ற கோபம் அந்தத் தீர்ப்பு முழுக்க இருக்கிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

நன்கொடை திரட்டும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உறவினர் அல்லாதவர்கள் ஓர் ஆண்டில் உங்கள் சொந்தக் கணக்கில் போடும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். பிள்ளைக்காகக் கொடுத்தார்கள் என்பதால் தானாக விலக்கு வராது. பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வரட்டும், அல்லது நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகட்டும். உண்மையிலேயே வெளிநாடு போகவேண்டிய நிலை வந்தாலும் பணத்தை மருத்துவமனையின் பெயருக்கு வங்கி வழியாகத்தான் அனுப்பவேண்டும். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதம் இருந்தால் அதற்கு மேலும் முடியும். ‘சிகிச்சைக்காக’ என்று படிவத்தில் குறிப்பிட மறக்காதீர்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி, சிகிச்சைக்குக் குறைவு, மற்ற பல காரணங்களுக்கு 20 சதவீதம்.

இப்போது உங்கள் வேலை. அதை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிடித்தத்துக்கு முந்தைய உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ.யில் இருப்பீர்கள். உடல் குறைபாட்டால் உங்களையே நம்பியிருக்கும் பிள்ளை 18 வயது கடந்தாலும், அந்தக் குறை இருக்கும்வரை, இ.எஸ்.ஐ.யில் உங்கள் குடும்பத்தில் ஒருவன்தான். பிசியோதெரபி, ஸ்டீராய்டு மருந்து, இதய, நுரையீரல் பரிசோதனைகள் எல்லாம் அந்த அட்டையில் நடக்கும். அயனாவரத்திலும் கே.கே.நகரிலும் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. நீங்கள் ஒப்பந்தக்காரரின் கீழ் இருந்தால், அவர் மாறினாலும் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே தொடரச் சொல்லுங்கள். புது எண் போட்டு விடுவது சிப்காட் பக்கம் சகஜமாக நடக்கிற தவறு. எண் மாறினால் பழைய பதிவுகளெல்லாம் தொலையும். பி.எஃப். கணக்கில் குடும்பத்தாரின் நோய்க்காக முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தசைச்சிதைவு 2016 சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட ஊனம். அட்டை கையில் வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தொகை சிறியது, ஆனால் மாதாமாதம் வரும். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. படியில் ஏற முடியாது என்பதால் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

மனையை விற்காமலே அவனுக்குப் பயன்படுத்தவும் ஒரு வழி இருக்கிறது. காப்பாளர், நீதிமன்ற அனுமதி இல்லாமல் ஐந்து ஆண்டுக்கு மிகாமல் மைனர் சொத்தைக் குத்தகைக்கு விடலாம். ஜி.என்.டி. ரோட்டை ஒட்டிய இடம் என்கிறீர்கள். லாரி நிறுத்தவோ ஷெட் போடவோ அந்தப் பக்கத்தில் இடம் தேடுகிறவர்கள் இருப்பார்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பதிவு செய்து, வாடகை மகன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழும்படி செய்யுங்கள். சக்கர நாற்காலி, பிசியோதெரபி, அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று இனி வரும் செலவெல்லாம் மாதாந்திரச் செலவுதான். அதற்கு மாத வருமானம்தான் பொருந்தும். செட்டில்மென்ட் பத்திரத்தில் உங்கள் அம்மா தன் ஆயுள் காலத்துக்கு அனுபவ உரிமை வைத்துக்கொண்டிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். வைத்திருந்தால் குத்தகை ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்துப் போடவேண்டும். நீங்கள் அனுப்பியதில் மூன்றாம் பக்கம் இல்லை.

எல்லாம் பார்த்தபின், அரசு மருத்துவரே இந்தச் சிகிச்சை அவசியம், அது வெளிநாட்டில்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், அப்போது விற்பனை அனுமதி மனுவைப் போடுவோம். அந்த வழக்கில் வழக்கறிஞர் கட்டணம் உங்கள் கவலையாக இருக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது திருவள்ளூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பத்திரம், வில்லங்கச் சான்று, மரபணு அறிக்கை, எழும்பூர் மருத்துவமனைச் சீட்டு, பையனின் பிறப்புச் சான்று ஆகியவற்றை எடுத்துப் போகவேண்டும். அனுமதி கிடைத்தால் விற்ற பணம் பெரும்பாலும் வங்கியில் மைனர் பெயரில் போடப்படும், மருத்துவமனைக்கு வேண்டியது மட்டும் அதிலிருந்து போகும். உங்கள் மனைவியையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தாய் அவர், நீதிபதி அவர் சொல்வதையும் கேட்பார்.