நாட்குறிப்பும் நிழற்படமும்
(மேல்வகுப்புச் சரித்திர பாடத்துக்கு ஒரு துணை)

சைவ பாடசாலைகளிற் சரித்திரங் கற்பிக்கும் ஆசிரியர்கள் அரசர் பெயர்களையும் யுத்தங்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் மாணாக்கர் மனத்திற் பதிப்பதிலேயே பெரிதும் காலங் கழிக்கின்றனர். பரீட்சை அதனையே வேண்டுதலின் அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும், "இஃது இவ்வாறு நிகழ்ந்ததென்று எப்படி அறிந்தார்கள்?" என்று ஒரு பிள்ளை எழுந்து வினவுமாயின், விடை கூற வல்லராய் இருத்தல் ஆசிரியர்க்கு அவசியம். அவ்விடையைப் பயிற்றுதற்கு உதவுவனவாகப் பழைய நாட்குறிப்பு ஒன்றனையும், சுவடிக்கூடம் ஒன்றிற் பேணப்பட்ட நிழற்படங்கள் சிலவற்றையும் இங்கே எடுத்துக்கொள்கின்றோம். இரண்டும் புதுச்சேரியைச் சார்ந்தவை. இரண்டும் சிவாலயங்களின் பொருட்டுச் சாட்சி பகர்ந்தவை.

நாட்குறிப்பு ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. 1709 இற் பிறந்த இவர், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வணிகராயிருந்து, 1747 இல் ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாசியாயினார். 1736 செப்தெம்பர் 6 ஆந் தேதி எழுதத் தொடங்கி, 1761 சனவரியில் இறக்குமளவும் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு எழுதிவந்தார். கப்பல் வந்ததும், சரக்கு விலையும், துரைமார் கோபித்ததும், குடும்பக் கலியாணமும் அதன்கண் ஒருங்கே உள. நடை அக்காலப் பேச்சு நடை; இலக்கண வழுவைத் தேடி அதனைப் படிப்பார்க்குப் பொருள் அகப்படாது.

யாம் இளமையிற் கற்றது மிஷன் பாடசாலையிலே. அங்கே நாட்குறிப்பு எழுதுதலை ஓரொழுக்கமாகவே பழக்கினார்கள், அது நன்மையே. ஆயின், தமிழர் ஒருவர் இத்துணை நீண்ட நாட்குறிப்பொன்றைத் தமிழிலேயே எழுதிவைத்தார் என்பதை எமக்குச் சொன்னார் ஒருவருமிலர். நாட்குறிப்பென்பது மேனாட்டாரிடமிருந்தே கொள்ளத்தக்க வழக்கம் என்று பல்லாண்டு எண்ணியிருந்தோம். இன்றைய பிள்ளைகள் அங்ஙனம் எண்ணுதல் வேண்டா.

இனி அந்நாட்குறிப்பிற் சைவராயினார் மறத்தற்கரிய பக்கம் 1748 செப்தெம்பர் 7 ஆந் தேதியைப் பற்றியது. அப்பொழுது ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். நகரத்தினுள்ளே வேதபுரீசுவரர் கோயில், சேசு சபைக் குருமாரின் சம்பாக் கோயில் எனப்பட்ட தேவாலயத்தை அடுத்து நின்றது. (புனித பவுலின் பெயரே மக்கள் நாவிற் சம்பாவாயிற்று.) அச்சிவாலயத்தை அகற்றுவித்தற்குக் குருமார் நெடுங்காலமாக முயன்றும், முன்னிருந்த ஆளுநர்கள் தமிழருக்கு அஞ்சி இணங்கிலர். முற்றுகையின் கலக்கத்தில் அது நிறைவேறிற்று. குருமார் வந்ததும், வேலையாட்கள் மதிலையும் சுற்றுக் கட்டிடங்களையும் இடிக்கத் தொடங்கியதும், மகாநாட்டார் என்னும் சாதித் தலைவர்கள் பிள்ளையிடம் வந்து முறையிட்டதும், மூர்த்திகளும் கோயிற் பொருள்களும் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுபோகப்பட்டதும், வாகனங்கள் உடைபட்டதும் அவர் எழுத்தால் விளங்குகின்றன. பின்னர் மசூதி ஒன்றையும் இடிக்கப் புகுந்தபோது, அப்துல் ரகுமான் என்னும் சிப்பாய்த் தலைவர் ஆளுநரிடஞ் சென்று தம்மவர் அதனைப் பொறார் என்று உரைக்க, அவ்வேலை நிறுத்தப்பட்டது. இதனையும் பிள்ளை மறையாது எழுதியிருக்கின்றார். இரண்டினையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணாக்கர் என்ன வினவுவர் என்பதை ஆசிரியர் முன்னரே எண்ணிவைத்தல் நன்று.

அக்கோயிலின் உருவம் எமக்கு எந்த நிழற்படத்திலுங் கிடையாது. நிழற்படக்கலை உலகறிய வெளிப்பட்டது 1839 இல். கோயில் இடிந்து தொண்ணூற்றோராண்டு கழிந்தபின். இன்று புதுச்சேரியில் வழிபடப்படும் வேதபுரீசுவரர் ஆலயம் பிற்காலத்தில் வேறிடத்திற் கட்டப்பட்டது. ஆகவே பழைய ஆலயத்தின் முடிவை, உடனிருந்த தமிழர் ஒருவர் தமிழிற் சொல்லக் கேட்பதற்கு அந்நாட்குறிப்பே வாயில்.

இவ்விடத்தில் வகுப்பில் ஒரு கணக்கு வைக்கலாம். பிள்ளை தமிழ் ஆண்டையும் ஐரோப்பிய ஆண்டையும் சேர்த்தே குறிப்பவர். 1736 செப்தெம்பர் நள வருடம். 1748 செப்தெம்பர் விபவ வருடம். பிரபவ முதலிய அறுபதையும் மனனஞ் செய்த மாணாக்கர், 1987 இல் ஒரு பிரபவம் பிறந்ததென்பதிலிருந்து பின்னோக்கி எண்ணி இவற்றைத் தாமே சோதித்தறியட்டும். அடுத்து ஒரு சிக்கல்: 1752 வரையும் ஆங்கிலேயர் பழைய யூலியன் நாட்காட்டியையும் பிரெஞ்சுக்காரர் புதிய கிரெகோரியன் நாட்காட்டியையும் வழங்கினமையால், இருவர் தேதிகளுக்கும் பதினொரு நாள் வேறுபாடு உண்டு. பிள்ளையின் செப்தெம்பர் 7 மதிலுக்கு வெளியே பாளயமிறங்கியிருந்த ஆங்கிலேயருக்கு ஓகஸ்ட் 27. ஒரே சனிக்கிழமை, மதிலுக்கு உள்ளே ஒரு தேதி, வெளியே ஒரு தேதி! இதனை அறியாதார் இரண்டு ஆவணங்களையும் ஒப்புநோக்கி, ஒன்று பொய்யென்று கூறிவிடுவர்.

சாட்சி நேரிற் கண்டவர் என்பதனால் அவர் சொல் முழுவதையும் அப்படியே கொள்ளலாமோ எனின், கூடாது. பிள்ளை ஆளுநரின் ஊழியர். இடிப்பித்த துரையின் உப்பைத் தின்றவர் அவர். இடிபட்ட கோயிலின் பொருட்டு வருந்தியவரும் அவரே. ஆளுநரின் மனைவியார்க்கும் அவர்க்கும் பகை இருந்தது. துபாசிப் பதவியை வேறொருவருக்குக் கொடுப்பிக்க அவ்வம்மையார் முயன்றனர். ஆதலால் அவர் மேற் பிள்ளை சுமத்தும் பழியை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். தாம் அன்று சொன்னதாகப் பிள்ளை எழுதுஞ் சொற்களும் அத்தகையனவே. தம்மைப் பற்றித் தாமே எழுதும்போது எவர்க்கும் கை சிறிது இளகும். ஆயினும், மதில் இடிந்ததும் மூர்த்திகள் இடம் பெயர்ந்ததும் பகையாலோ தற்புகழ்ச்சியாலோ புனைந்துரைக்கத்தக்கன அல்ல. எழுதினார் எதிற் பற்றுடையவர், எதிற் பற்றில்லாதவர் என்று பிரித்தறியப் பழகுதலே இப்பாடத்தின் உயிர்நிலை. நம்மவர் எழுதியது என்பதனால் இச்சோதனையைத் தளர்த்துதல் ஆகாது.

அவர் இறந்தபின் அச்சுவடிகள் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846 இற் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்தார். அரியேல் என்பவர் எழுதுவித்த பிரதி பாரிசு நகரத்து நூல்நிலையஞ் சேர்ந்தது. பின்னர்ச் சென்னை அரசினரும் பிரதி செய்வித்து, 1904 தொடங்கி 1928 வரையில் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு சம்புடங்களாக வெளியிட்டனர். தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ அதற்கும் பின். தமிழில் எழுதியதைத் தமிழர் ஆங்கிலத்திற் படித்த காலமும் இருந்தது! இடையிடையே சில பகுதிகள் கிடைத்தில. கிடைத்தவை கிடைத்தது மூன்று நகரங்களிற் பிரதி இருந்தமையால் என்பதை மறவற்க.

இனி நிழற்படங்கள். புதுச்சேரியில் 1955 இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், அடுத்த ஆண்டு முதலாகத் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படம் பிடித்தனர். இன்று அங்கே இலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் உள. அந்நிறுவனத்தின் சைவாகமச் சுவடித் தொகுதி 2005 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டதைச் சைவ ஆசிரியர் பலர் அறிவர். படங்களை அறிவார் சிலரே. கற்றவர்க்குச் சிற்பநூல் ஆராய்ச்சிக்குப் பயன்படுக என்றே அவை எடுக்கப்பட்டன. நீதிமன்றத்துக்குரிய சாட்சியாகும் என்று எடுத்தார் எவரும் எண்ணியிரார்.

அரியலூரைச் சார்ந்த ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூரில் ஒரு சோழர் காலச் சிவாலயம் உண்டு. பூசை ஒழிந்து பூட்டிக் கிடந்த அவ்வாலயத்திலிருந்து நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் களவு போயின. 2008 இல், எஞ்சிய திருமேனிகளைக் காவலான இடத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதே களவு வெளிப்பட்டது. அதே ஆண்டில் அந்நடராசரை அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயோர்க் வணிகர் ஒருவரிடமிருந்து ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. விருத்தாசலம் கோயிற் கோட்டத்திலிருந்த அர்த்தநாரீசுவரர் கற்படிமமோ, முன்னரே அவ்வணிகர் வழியாகச் சிட்னி நகரக் கலைக்கூடத்தை அடைந்திருந்தது. இரண்டும் ஏறக்குறைய 1970 ஆம் ஆண்டளவிலேயே இந்தியாவை விட்டு முறையாக வெளியேறியவை என்று காட்டும் பத்திரங்களும் உடன் வந்தன. பத்திரம் அழகாகவே எழுதப்பட்டிருந்தது.

புதுச்சேரி நிறுவனத்துப் படங்கள் அப்பத்திரங்களைப் பொய்யாக்கின. அர்த்தநாரீசுவரர் 1974 இல் விருத்தாசலத்திலேயே எழுந்தருளியிருந்ததையும், நடராசர் 1994 இல் ஸ்ரீபுரந்தானிலேயே இருந்ததையும் அவை காட்டின. 2014 செப்தெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் இரு மூர்த்திகளையும் இந்தியப் பிரதமரிடம் ஒப்புவித்தார்.

இங்கே ஆசிரியர் நிறுத்தி வினவவேண்டியது ஒன்று: பத்திரத்தை வென்றது படமோ, படத்தோடு எழுதிவைத்த ஆண்டோ? உருவம் ஒன்றே என்று படம் காட்டும். எவ்வூர், எவ்வாண்டு என்று எழுத்தே காட்டும். 1974 என்னும் நான்கு இலக்கங்களை ஒருவர் சோம்பி எழுதாது விட்டிருந்தால், "அது 1970 க்கு முன் எடுத்த படம்" என்று சொல்ல வணிகருக்குத் தடை யாது? பிள்ளையின் நாட்குறிப்பிலும் பயன் தருவது இதுவே. வருடமும் மாதமும் தேதியும் கிழமையும் இடாமல் அவர் ஒருநாளையும் தொடங்கினாரல்லர்.

திருமேனிகளைப் படம் பிடித்தல் ஆகமத்துக்கு இசையுமோ என்று தடை கூறும் அடியார் நம்மிடையே உளர். மூலமூர்த்தியைக் கருவறையிற் படம் பிடித்தலை யாமும் விரும்போம். மேலே கூறியவற்றுள் ஒன்று உற்சவத் திருமேனி, மற்றொன்று புறச்சுவர்க் கோட்டத்துப் படிமம். உற்சவ காலத்தில் வீதியில் ஆயிரவர் கண்காண எழுந்தருளும் திருமேனிக்கு ஒரு குறிப்புப் படம் இருத்தலால் மகிமை குன்றாது என்பதே எம் கருத்து. அதனைக் கோயிற் பெட்டகத்தில் வைக்க. சுவரொட்டிக்கும் கலண்டருக்குங் கொடாதொழிக.

படம் சொல்லாதனவும் பல. அர்ச்சகர் யார், திருவிழா எத்தனை நாள், உபயகாரர் எவர், வழக்கு எதன்பொருட்டு நிகழ்ந்தது என்பவற்றை எந்தக் கண்ணாடி வில்லையும் காணாது. அவை கணக்குப் புத்தகத்திலும் நாட்குறிப்பிலும் உள்ளன.

நம் ஊரில் அவை எங்குள்ளன? 1981 யூன் மாதம் முதலாந் தேதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அச்சிட்டவை மீண்டும் தேடி வாங்கப்பட்டன. ஒரே ஒரு பிரதியாயிருந்தவற்றை எவ்விடத்து வாங்குவது? 2009 வரை நீண்ட யுத்தத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பெட்டியிலிருந்த படங்களையும் குறிப்புகளையும் வழியில் விட்டுச் சென்றமை சொல்லத் தேவையில்லை.

எஞ்சியவை உள. ஒன்பதாம் வகுப்பு மாணாக்கரைக் கொண்டு பின்வருமாறு செய்விக்கலாம். தத்தம் ஊர்க் கோயிலைப் பற்றிய பழைய படம், மகோற்சவ அறிவித்தல், கும்பாபிஷேக மலர், முதியோர் எழுதிய குறிப்பு ஆகியவற்றுள் ஒன்றை வீட்டிற் கண்டு, உடையவர் கண்முன் பிரதி எடுத்து, மூலத்தை அவர் கையிலேயே மீட்டுக் கொடுத்து வருக. படமாயின், மூலத்தின்மேல் மையால் எழுதாது, பிரதியின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் ஊர், கோயில், ஆண்டு, படத்திலுள்ளார் பெயர், சொன்னவர் பெயர் ஆகியவற்றை எழுதுக. ஆண்டு துணியப்படாதாயின், "இன்ன கும்பாபிஷேகத்துக்கு முன்" என்றாவது எழுதலாம். ஊகத்தை உண்மைபோல எழுதலாகாது. பிரதிகளுள் ஒன்று பாடசாலையிலும், ஒன்று கோயிலிலும், மற்றொன்று 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்னுருவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போல்வதோரிடத்திலும் இருக்கட்டும். ஒரு தவணைக்கு ஒரு கோயில் போதும்.