லிஸ்திராவில் நடந்தது என்ன?

அப்போஸ்தலர் பணி 14-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பிறவியிலேயே நடக்க இயலாத ஒருவரைப் புனித சின்னப்பர் லிஸ்திராவில் குணமாக்கினார். தெய்வங்களே மனித உருவில் இறங்கி வந்துள்ளன என்று மக்கள் கூவினர். பர்னபாவைச் சேயுசு என்றும், சின்னப்பரை எர்மசு என்றும் அழைத்தனர்.

மக்கள் கூவியது லிக்கவோனிய மொழியில். நூலில் உள்ள பெயர்களோ கிரேக்கத் தெய்வங்களுடையவை. ஊரோ உரோமையரின் கலாத்தியா மாகாணத்தில் இருந்தது. ஊர்த் தெய்வத்துக்கு வந்தவர்களின் தெய்வப் பெயரைச் சூட்டுவது உரோமை மாகாணங்களில் வழக்கம். பிரித்தானியாவில், இன்றைய பாத் நகரின் வெந்நீரூற்றுத் தெய்வமான சூலிஸ், ‘சூலிஸ் மினெர்வா’ ஆனதும் இவ்வாறே.

காளைகளும் மாலைகளும் வந்தபோது அப்போஸ்தலர்கள் தம் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு தடுத்தார்கள். வீணானவற்றை விட்டுவிடுங்கள் என்று தெளிவாகவே சொன்னார்கள். ஆனால் அம்மக்களை இகழவில்லை. அவர்கள் அறிந்த மழையையும் விளைச்சலையும் காட்டியே உயிருள்ள கடவுளை அறிவித்தார்கள். பின்னர், வெளியூரார் தூண்டிவிட, அதே ஊரில் சின்னப்பர் கல்லெறிபட்டார்.

அயலவரை இகழாமலும், நம் விசுவாசத்தில் கலப்படம் செய்யாமலும் வாழ்வது எவ்வாறு? இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.