கொல்லி என்னும் மலைத்தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்பர். நீருக்குப் பதிலாக வெப்பமிக்க சமவெளி சூழத் தனித்து நிற்கும் குளிர்ந்த மலையை இக்கால இயற்கை நூலார் வான்தீவு என வழங்குகின்றனர். வடகடலின் தொலைதூரத் தீவுகளைப் புத்தகத்திற் படித்து வியக்கும் நமக்கு, நாமக்கல்லுக்கு வடகிழக்கே கண்ணெதிரே ஒரு தீவு இருப்பது தோன்றுவதில்லை.

கொல்லிமலையின் உச்சி கூரிய சிகரமன்று. ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாகப் பரந்த நிலம் அது. ஆனால் அதன் சரிவுகளோ செங்குத்தானவை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலைக்கு 70 கொண்டைஊசி வளைவுகள் உள. அவற்றை எண்ணத் தொடங்கிய யாம் நாற்பதாவது வளைவில் தலைசுற்றி எண்ணிக்கையைக் கைவிட்டோம்!

வல்வில் ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்தது என்று வன்பரணர் புறநானூற்றிற் பாடினார். வில்லாற்றலுக்குச் சான்றாகவே இதனைப் படித்து வந்தோம்; பழங்காட்டின் வளத்திற்கும் இது சான்றன்றோ? யானையும் புலியும் இன்று அங்கு இல்லை.

இம்மலைவாழ் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். பெயரால் மயங்கி இவர்களைக் கேரளத்தார் எனக் கருதற்க. இவர்கள் மொழி தமிழே. முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது இவர்தம் வழிவழிக் கதை. நீருள்ள பள்ளங்களில் நெல்லும், சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகும் விளைத்தனர். சமவெளியார் எளிதில் ஏறாதவாறு மலைக்காய்ச்சல் அகழிபோற் காத்தது. அங்கே மருத்துவமும் கல்வியும் பரப்பிய ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஊழியர் 1929-இல் காய்ச்சலாலேயே மாண்டார். 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்டே, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தாற் சீர்ப்படுத்தியவர்.

காய்ச்சல் தணிந்தது, சாலை ஏறியது, அதன்வழியே மரவள்ளியும் ஏறியது. சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலையார்க்கோ பணம் வேண்டும். ஆகவே சாமை விளைந்த சரிவுகள் பல மரவள்ளிக் காடுகளாயின. இதற்காக அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. சாமையை உரலிலிட்டு உமி நீக்குவது பெண்டிர்க்கு நெடுநேரப் பாடு, கடையரிசிக்கு அப்பாடில்லை. அதனை உணர்ந்தே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பழைய விதைகளைத் திரட்டிக் காத்ததோடு நில்லாது, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களில் அமைத்தனர். விதையைப் பெட்டியிற் காப்பதினும் இதுவே தக்க வழி என்பது எம் கருத்து. உண்பாரில்லாத தானியத்தை யார் விதைப்பர்?

விழாநாளில் எம் விடுதியிற் பரிமாறும் சவ்வரிசிப் பாயசமும் அச்சரிவுகளில் விளைந்த கிழங்காக இருத்தல் கூடும்.