மாவுக்கட்டை வீட்டில் வெட்டலாமா?



கை, கால் முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறார்கள். சொன்ன நாள் வந்ததும், "பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் கூலியும் போச்சு. தண்ணியில ஊற வச்சு நாமளே அறுத்துடலாம்" என்று சில வீடுகளில் பேசுவது உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

நாள் முடிந்தாலே எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்வார். அதற்கு முன்பே கட்டைப் பிரித்தால் எலும்பு கோணலாகக் கூடலாம், மறுபடியும் முறியலாம். கத்தி தவறினால் தோலும் நரம்பும் அறுபடும்.

மெஷின் சதையை அறுக்காதா?

அதன் சத்தத்தைக் கேட்டாலே பிள்ளைகள் அலறும். ஆனால் அந்தத் தகடு, மரம் அறுக்கும் ரம்பம் போலச் சுற்றாது. வேகமாக அங்கும் இங்கும் கொஞ்சமாக அதிரும், அவ்வளவுதான். கெட்டியான மாவு அறுபடும். மெதுவான தோல் கூடவே அசைந்து கொடுக்கும். உள்ளே பஞ்சும் இருக்கிறது. இருந்தாலும் தகடு சூடாகும். "சுடுது", "குத்துது" என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். நிறுத்தி, ஆறவிட்டுச் செய்வார்கள். பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி, ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரித்த பிறகு

தோல் காய்ந்து உரியும். கை மெலிந்து, மூட்டு விறைப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுங்கள்; சுரண்டாதீர்கள். அழுத்தி உருவி விடவும் வேண்டாம். சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு எப்போது தூக்கலாம், காலை எப்போது ஊன்றலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

கட்டு இருக்கும்போதே கவனியுங்கள்

• விரல் வீங்கி நீலமாகவோ வெளுத்தோ போவது
• விரல் மரத்துப்போவது, அசைக்க முடியாமல் இருப்பது
• வலி கூடிக்கொண்டே போவது
• கட்டிலிருந்து கெட்ட வாடை, நீர் கசிவது

இதில் ஒன்று இருந்தாலும், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரமென்றால் 108-ஐ அழையுங்கள். ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே கையோ காலோ வீணாகிவிடலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் யாருக்காவது, அல்லது அவர் வீட்டில் யாருக்காவது கட்டு போட்டிருக்கிறதா? கட்டுப் பிரிக்கும் தேதி தெரியுமா? பஸ் செலவுக்கு அவசரக் கடன் தர முடியுமா? துணைக்கு யார் போவது? இந்த மாதக் கூட்டத்திலேயே முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.