குளிர்காலத்திற் கிறப்பி மீனைக் காணும் வகை

தூண்டில் இடுவோர் பலர், மீன் அகப்படுதலையும் அகப்படாமையையும் ஊழின்பாற் சார்த்தி அமைவர். மீன் எங்கும் பரந்து திரியுங் கோடையில் அவர் கூற்று ஒருவாறு பொருந்தினும் பொருந்தும். நீர் குளிர்ந்து, உயிர்கள் ஒடுங்கிக் கிடக்கும் பனிக்காலத்திலோ அது செல்லாது. அக்காலத்தில் ஓர் ஏரியில் மீன் இருக்கும் இடம் சில. இல்லாத இடம் பல. தேடத் தெரியாதவன் நாள் முழுதும் குளிரில் நின்று வெறுங்கையனாய் மீள்வான். வட அமெரிக்காவின் கிறப்பி என்னும் மீனைப் புதிதாகத் தூண்டில் எடுப்பவன் எவ்வாறு தேடல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம். ஈழநாட்டுக் குளங்கள் உறைவதில்லை. எனினும், நம் பழைய மாணவர் பலர் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அந்நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்து ஏரிகளிலும் இம்மீன் உண்டு. அன்றியும், பௌதிக வகுப்பிற் கற்று மறந்த விதியொன்று ஏரியிற் செயற்படுமாற்றை மாணாக்கர் இங்கே காண்பர்.

மீனின் இயல்பு

கிறப்பி நன்னீர் மீன். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரியது. வெண்கிறப்பி, கருங்கிறப்பி என இருவகைப்படும். வெண்கிறப்பியின் உடலிற் கரிய கோடுகள் மேலிருந்து கீழாகச் செல்லும். முதுகுத் துடுப்பின் முட்கள் பெரும்பாலும் 5 அல்லது 6. கருங்கிறப்பியின் உடலிற் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். முட்கள் 7 அல்லது 8. முன்னையது கலங்கல் நீரையும் பொறுக்கும். பின்னையது தெளிந்த நீரையும் நீர்ப்பாசிகளையும் விரும்பும். பொதுவாக அகப்படுவன ஓர் இறாத்தலுக்கு உட்பட்டன. எனினும், 1957ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்து ஈனிட் ஏரியில் 5 இறாத்தல் 3 அவுன்சு நிறையுள்ள வெண்கிறப்பி ஒன்று பிடிபட்டது.

தேடுவோன் மனங்கொள்ள வேண்டிய இயல்புகள் மூன்று. இது கூட்டமாக வாழும். ஒன்றைக் கண்ட இடத்திற் பலவற்றைக் காணலாம். இதன் கண்கள் மேனோக்கியவை. தனக்கு மேலுள்ள இரையை எழுந்து கொள்ளுமேயன்றிக் கீழிறங்கித் தேடுதல் அரிது. விடியலிலும் அந்தியிலும், ஒளி மங்கிய வேளையில், மிகுதியும் இரை தேடும்.

நீரின் இயல்பு

பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிச் செறிவடைதல் பொதுவிதி. நீர் இவ்விதிக்கு ஓரளவே கட்டுப்படும். ஏறக்குறைய 4 பாகை செல்சியசில் அது தன் மிக்க செறிவை அடைகின்றது. அதற்குமேற் குளிரின் மீண்டும் விரிந்து இலேசாகின்றது. எனவே, பனிக்காலத்தில் 4 பாகை நீர் அடியிலே தங்க, அதனினுங் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறைகின்றது. மேலே பனிக்கட்டி, கீழே உறையாத நீர் என்னும் இவ்வொழுங்கு இல்லையாயின், வடநாட்டு ஏரிகள் அடியிலிருந்து உறைந்து மீனினம் மாண்டொழியும்.

அங்ஙனமாயின் மீனெல்லாம் அடித்தரையிலே கிடக்கும் என்று கருதலாமோ? அதுவும் பிழை. பனிக்கட்டியும் அதன்மேற் படியும் வெண்பனியும் ஒளியைத் தடுக்கும். ஒளி குன்ற, நீர்ப்பாசிகள் ஒட்சிசனை விடுதலுங் குன்றும். அடியில் மக்கும் இலைகுழைகளோ உள்ள ஒட்சிசனையும் உண்டுவிடும். இதனால், குளிர்காலம் முதிர முதிர, அடிநீர் சற்று வெப்பமுடையதாயினும் மூச்சுக்கு உதவாததாகின்றது. வெப்பம் கீழே, ஒட்சிசன் மேலே. இவ்விரண்டும் இயைந்த இடைப்பட்ட நீரிலேயே கிறப்பிக் கூட்டம் அந்தரத்தில் நிற்கும். தரையிலே தூண்டிலைக் கிடத்துவோன் ஏமாறுவதற்குக் காரணம் இதுவே.

தேடும் முறை

மின்னசோட்டா முதலிய வடமாநில ஏரிகளிற் பனிக்கட்டி படிந்த தொடக்கத்தில், இன்னும் பசுமை மாறாத பாசிகளின் ஓரத்தே கிறப்பியைத் தேடலாம். நடுக்காலத்தில் ஏரியின் ஆழ்ந்த பள்ளங்களுக்குச் செல்லல் வேண்டும். பனி உருகுங் காலம் நெருங்க, மீன் மீண்டும் ஆழங் குறைந்த பகுதிகளை நாடும்.

தென்மாநிலங்களிற் பெரும்பாலும் பனிக்கட்டி படிவதில்லை. அங்கே தேடும் வகை சிறிது வேறு. தெனசி ஆற்றை மறித்து 1944ஆம் ஆண்டில் நிறைவெய்திய அணையால் உண்டானது கென்ரக்கி ஏரி. அதன் அடியிற் பழைய ஆற்றுப்படுகையும் ஓடைகளின் தடங்களும் இன்றும் பள்ளங்களாகக் கிடக்கின்றன. அப்பள்ளங்களின் விளிம்பிலே அடிமரமோ கிளைக்குவியலோ உள்ள இடமே குளிர்காலக் கிறப்பியின் இருப்பிடம். கிறப்பிக்கு இரையாகும் சிறுமீன் கூட்டங்கள் செல்லும் வழியே அதுவுஞ் செல்லும். 1811, 1812ஆம் ஆண்டுகளின் நிலநடுக்கத்தாற் பிறந்த ரீல்பூட் ஏரியோ ஆழம் மிகவில்லாதது. அங்கே நீருள் நிற்கும் மரக்கட்டைகளே மீனுக்கு அரண்.

ஆகவே, புதியவன் தூண்டிலை எடுக்குமுன் ஏரியின் ஆழப்படத்தை எடுத்தல் வேண்டும். பள்ளம் எங்கே, விளிம்பு எங்கே, மரம் எங்கே எனக் குறித்துக்கொள்க. எதிரொலியால் ஆழம் அறியுங் கருவி உளதேல் நன்று. இலதேல் நூலிற் கட்டிய ஈயக்குண்டே போதும். முதலில் ஆழத்தை அளந்து, அடியிலிருந்து இரண்டடி மேலே இரையை நிறுத்துக. சில நிமிடத்திற் பயன் இல்லையாயின் இரண்டடி உயர்த்துக, மீண்டும் பார்க்க. ஒரு துளையிலே எல்லா ஆழங்களையும் சோதித்தபின், அடுத்த துளைக்குச் செல்க. மீன் அகப்பட்ட ஆழத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்தமுறை அதே ஆழத்திலோ சிறிது மேலேயோ இரையை நிறுத்துக. அதற்குக் கீழே இறக்கற்க.

குளிரில் மீனின் உடல் மந்தமாகின்றது. துரத்தி இரை கொள்ளாது. மெல்லிய தங்கூசி நூலும், சிறு ஈயத்தலை கொண்ட தூண்டிலும், உயிருள்ள சிறுமீனும் போதியன. இரையை ஆட்டாது ஏறத்தாழ அசைவின்றி வைத்தலே சிறப்பு. கிறப்பி மேலெழுந்து இரையைக் கவ்வுதலால், மிதவை அமிழாமற் சாய்தலும், நூல் திடீரெனத் தளர்தலும் உண்டு. அதுவே குறி. அதன் வாய்த்தோல் மிக மெல்லியது. வெட்டி இழுப்பின் கிழிந்துபோம். மெல்ல உயர்த்துக.

காவலும் அளவும்

இவை எல்லாவற்றினும் முதன்மையானது உயிர்க்காவல். கால்நடையாக ஒருவர் செல்லுதற்குப் புதிய தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமேனும் தடித்திருத்தல் வேண்டும். வெண்ணிறப் பனிக்கட்டி வலிமை குன்றியது. ஆதலின் இருமடங்கு தடிப்பு வேண்டும். ஓடை வந்து விழும் இடத்திலும் ஊற்றுள்ள இடத்திலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். கரையிலிருந்து செல்லுந்தோறும் துளையிட்டு அளந்து செல்லுக. நேற்று அளந்தது இன்றைக்குச் சான்றாகாது. தனியே செல்லற்க. வீழ்ந்தால் பனிக்கட்டியிற் குத்திப் பற்றி ஏறுதற்குரிய இரு கூர்முனைகளைக் கழுத்திலே தொங்கவிடுக. ஒரு மீனுக்காக உயிரை ஈடுவைத்தல் அறிவுடைமை ஆகாது.

மற்றொன்று, போதும் என்னும் மனம். குளிர்காலக் கிறப்பி ஓரிடத்தே நெருங்கி நிற்றலின், இடமறிந்தவன் கை ஓயாது எடுக்கலாம். ஆழத்திலிருந்து விரைந்து மேலே வரும் மீனின் காற்றுப்பை, நீரழுத்தம் குறைய உப்பிவிடும். அதனை மீள நீரில் விடினும் பெரும்பாலும் பிழையாது. எனவே, சிறியதை விடுத்துப் பெரியதைத் தேர்வேன் என்பது ஆழநீரில் அருளன்று, வீண் கொலையே. முப்பதடி ஆழத்திலே பிடிப்பவன், உண்ணும் அளவு கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டுக. சட்டம் விதித்த எண்ணிக்கை மேல்வரம்பே; அதனை நிரப்பியே தீரல் வேண்டும் என்பது இல்லை.

ஒளி எங்கே, வெப்பம் எங்கே, ஒட்சிசன் எங்கே, இரை எங்கே, அரண் எங்கே என்னும் ஐந்து வினாக்களையும் உறைந்த ஏரியின்முன் நின்று வினவுவோன், ஊழை நோகமாட்டான். அவன் வகுப்பறையிற் கற்ற கல்வி, வாழ்விலுங் கைகொடுக்குங் கல்வியாகும்.