சிதறால் மலைக்கு எந்தக் கட்டுச்சோறு?

மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சிதறால். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர்கள் தங்கிய குன்று அது. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்க்க, விடுமுறை நாட்களில் வேன் பிடித்து வரும் குடும்பங்கள் நிறைய. விடியுமுன் சமைத்து ஆறு மணிக்குக் கட்டிய சோற்றை வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டு, மலையேறி இறங்கிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மணி ஒன்றாகிவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு நாற்பது டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அந்த ஏழு மணி நேரத்தை எந்தச் சாப்பாடு தாங்கும் என்று பார்த்துத்தான் நாம் சமைக்க வேண்டும்.

"நல்லா கொதிச்சு வெந்ததுதானே, ஒண்ணும் ஆகாது" என்று பல வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலான கிருமிகளுக்கு அது சரி. ஆனால் மண்ணிலிருந்து வரும் சில பாக்டீரியாக்கள் ஆபத்து வந்ததும் கெட்டியான ஓட்டுக்குள் அடங்கி ஸ்போர் என்ற உறக்க நிலைக்குப் போய்விடும். உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது விழித்துப் பெருகத் தொடங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்குத் தோது.

இரண்டு கிருமிகள், இரண்டு வழிகள்

அரிசியோடு வருவது பேசில்லஸ் சீரியஸ். சோற்றில் அது ஒரு நச்சைச் சுரந்து வைத்தால், சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. கெட்ட சோற்றைத் தாளித்தாலும் வறுத்தாலும் பயனில்லை.

இறைச்சிக் குழம்பிலும் பிரியாணியிலும் வளர்வது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சாப்பிட்டு எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிற்றுப்பிடிப்பும் போக்கும் வரும். இது நச்சைச் சுரப்பது நம் குடலுக்குள். ஆகவே குழம்பை மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்தால் பெருகிய கிருமிகள் செத்துப்போகும். சூடாக்குவது குழம்பைக் காப்பாற்றலாம், சோற்றைக் காப்பாற்றாது. எதைக் கட்டுவது என்பதை முடிவு செய்ய இந்த வேறுபாடு போதும்.

எதைக் கட்டலாம்?

புளிச்சோறு: முதல் தேர்வு. புளிப்பு ஏறிய இடத்தில் இந்தக் கிருமிகள் முளைக்கத் திணறும். புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்து வையுங்கள். சோற்றைக் காலையில் வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு கிளறுங்கள். வெள்ளைச் சோறு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அங்கெல்லாம் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகளுக்கென்று புளிப்பைக் குறைத்துத் தனியாகக் கட்டும் பொட்டலத்துக்கும் அதே கதிதான். அதைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வையுங்கள்.

எலுமிச்சைச்சோறு: இரண்டாவது. சாறு தாராளமாக விழுந்தால் புளிச்சோற்றை நெருங்கும். மஞ்சள் நிறத்துக்காக மட்டும் பிழிந்தது வெறும் சோற்றுக்குச் சமம்.

தயிர்ச்சோறு: செய்முறையைப் பொறுத்தது. மதியத்துக்குள் புளித்துவிடக் கூடாதென்று பாலை நிறைய ஊற்றித் தயிரை ஒரு கரண்டி மட்டும் விடுவது நம் வழக்கம். அந்தக் கலவையில் புளிப்பு ஏறவே நேரமாகும், அதற்குள் கிருமி முந்திவிடும். நல்ல புளித்த தயிரில் பிசைந்தால் கொண்டுபோகலாம்.

தேங்காய்ச்சோறு, நெய்ச்சோறு, மசித்த மரச்சீனி: மாவுச்சத்தும் ஈரமும் இருக்கின்றன, புளிப்பு இல்லை. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதானால் மட்டும் கட்டுங்கள். வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

பிரியாணி: விடியற்காலையில் அண்டாவில் செய்து கொண்டுபோக வேண்டாம். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆசையாக இருந்தால், இறங்கி வந்தபின் மார்த்தாண்டத்தில் ஆவி பறக்கச் சாப்பிடுவது மேல்.

ஏத்தங்காய் உப்பேரி, மட்டிப்பழம்: கவலையே வேண்டாம். ஈரமில்லாத உப்பேரியில் ஸ்போர் விழிக்காது. பழத்துக்கு அதன் தோலே காவல்.

எதில் கட்டலாம்?

ஹாட்பாக்ஸ் பலரை ஏமாற்றுகிறது. முதல் இரண்டு மூன்று மணி நேரம் சூட்டைக் காக்கும். பிறகு உள்ளே இருப்பது மெல்ல 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, கிருமி விரும்பும் சூட்டிலேயே நிற்கும். ஏழு மணி நேரப் பயணத்துக்கு அது வேண்டாம். ஆறவைத்த சோற்றைச் சிறு சிறு வாழையிலைப் பொட்டலங்களாகக் கட்டி, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைப்பதுதான் நல்ல வழி. ஆவியோடு ஃபாயிலில் சுற்றி அடுக்குவது மோசமான வழி.

வீட்டில் மீந்தால்

ஃபிரிட்ஜ் முதல் வழி: ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். பழஞ்சி இரண்டாவது வழி: சோறு ஆறியவுடன் சுத்தமான சட்டியில் நீரூற்றினால், இரவில் வளரும் புளிப்பு நமக்குத் துணை. ஆனால் மதியச் சோற்றை மாலைவரை வெளியே வைத்திருந்து படுக்கப்போகும்போது நீரூற்றுவது பயன் தராது. அதற்குள் நச்சு உண்டாகியிருந்தால் புளிப்பு அதை முறிக்காது. இராத்திரி முழுக்கப் பானையிலேயே மூடி வைத்து, காலையில் தாளித்துக் கிளறுவது மூன்றாவது வழி. அதை அறவே விடுங்கள்.

ஒரு தேன்துளி

மார்த்தாண்டம் வட்டாரம் தேனுக்குப் பேர்போனது. சிதறால் வருகிறவர்கள் ஒரு பாட்டிலாவது வாங்கிப்போவார்கள். பெரியவர்களுக்கு நல்லது; ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினத்தின் ஸ்போர் இருக்கக்கூடும். பச்சிளங்குடலில் அது முளைத்து, நரம்பைத் தளர்த்தும் நச்சைச் சுரக்கும். பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைக்கும் பாட்டிமாரிடம் இதை மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலே சேனை.

நரம்பைத் தளர்த்தும் அந்த நச்சு ஏட்டுக்கதை அல்ல. 1996இல் குஜராத்தில் ஓர் உறைவிடப் பள்ளியில் 34 மாணவர்கள் இந்த வகை நச்சால் பாதிக்கப்பட்டார்கள், மூவர் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது அவர்கள் தின்ற சேவின்மேல்.

எப்போது ஆஸ்பத்திரி?

வாந்தியும் போக்கும் பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கும். ஓஆர்எஸ் கரைசலை வாய் வாயாகக் கொடுங்கள். குழந்தைக்கு மூத்திரம் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ குழித்துறை அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ போங்கள். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, கைக்குழந்தை பால் குடிக்க மாட்டாமல் துவள்வது ஆகியவை பாட்டுலினத்தின் அறிகுறிகள். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

சோற்றைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதையை அளந்து வடிப்பதில் காட்டுவோம். பொட்டலத்தின்மேல் சமைத்த நேரத்தை எழுதி வையுங்கள். பிரிக்கும்போது அதைப் பாருங்கள். மணமும் ருசியும் மாறவில்லை என்பது சாட்சியாகாது, சோற்றில் சுரக்கும் நச்சுக்கு இரண்டும் கிடையாது. நேரம் தாண்டியிருந்தால் கொட்டிவிடுங்கள்.