டொக்டர் மேரி இரத்தினமும் நம்ம வாக்கும்



இந்த முறை பாடம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு லேடி டொக்டரைப் பற்றியது. மேரி 1873இல் கனடாவில் பிறந்தவர். 1896இல் மிஷன் வேலைக்கென்று இலங்கை வந்தார். ஆனால் எஸ். சி. கே. இரத்தினம் என்ற தமிழரைக் கல்யாணம் முடித்தது மிஷன்காரருக்குப் பிடிக்கவில்லை. வேலை போனது. அவர் திரும்பிக் கப்பல் ஏறவில்லை. கொழும்பில் லேடி ஹெவ்லொக் பெண்கள் ஆஸ்பத்திரியிலும், பிறகு தனியாகவும் வைத்தியம் பார்த்தார். ஆண் டொக்டரிடம் நோயைச் சொல்லக் கூசிய பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். எங்கட கல்முனைக் கரைப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

மருந்து மட்டும் போதுமா? அழுக்குத் தண்ணி குடித்த பிள்ளைக்கு இன்றைக்கு மிக்ஸர் கொடுத்தால், நாளைக்கும் அதே தண்ணிதானே. அவர் பள்ளிக்கூடங்களுக்குச் சுகாதாரப் புத்தகம் எழுதினார். 1930இல் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார்.

1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் இருந்தார். இந்தச் சங்கத்தார் டொனமூர் ஆணைக்குழுவின் முன் போனபோது, தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஓம், அவர்களும் பெண்கள்தானே என்றார் சங்கத்தைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா. நம்ம பாட்டிமாருக்காகப் பேசியவர்கள் நமக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. 1931இல் 21 வயது வந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்கு வந்தது. தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் நிரந்தர வதிவைக் காட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டமும் பெரும்பாலானோரிடம் இருந்ததையும் பறித்தன. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

மேரி அம்மா 1937இல் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் வென்று கொழும்பு மாநகர சபைக்குப் போனார். அந்தச் சபைக்குத் தெரிவான முதல் பெண் அவர்தான். கான், குழாய்த் தண்ணி, குப்பை எல்லாம் முடிவாகிற இடம் அதுதானே. 1958இல் மக்சைசை விருது பெற்றார், 1962இல் காலமானார்.

2018 தேர்தல் தொட்டு உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் உண்டு. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்ய வழி திறந்தது.

மாதர் கூட்டத்தில் பேச: உங்கட லயத்துக் கானைப் பற்றிப் பிரதேச சபை உறுப்பினரிடம் கடைசியாகக் கேட்டது யார்? 18 வயதான மகளின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா? கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்க.